ஞாயிற்றுக்கிழமைச் சீனி

ஐம்பத்தேழு வயதுக்குள் தெரேசா தானாக எடுத்த பெரிய முடிவுகள் மூன்று. ஹென்றியைக் கட்டிக்கொண்டது ஒன்று. டத்தோ கிராமாட்டை விட்டு வேறெங்கும் குடிபோக மாட்டேன் என்றது இன்னொன்று. மகள் நிக்கோலைச் சொந்தக்காரர்கள் சொன்ன மாதிரி பதினேழு வயதில் வேலைக்கு அனுப்பாமல், பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் படிக்க வைத்தது மூன்றாவது. மற்றதையெல்லாம் வாழ்க்கையே பார்த்து எடுத்துக்கொண்டது. இவளைக் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை என்பதை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை கண்டுபிடித்தது. இருபத்திரண்டு வருசமாக அவள் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலைதான். ஆஸ்பத்திரிக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய்களைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்ப்பது அவள் வேலை. கீறல், ஓட்டை, தூசி எது இருந்தாலும் சிவப்புத் தொட்டிக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் பச்சைத் தொட்டி. ஒரு ஷிப்டுக்கு நாலாயிரம் குழாய். அதாவது நாலாயிரம் முடிவு. ஆனால் அதையெல்லாம் யாரும் முடிவு என்று சொல்வதில்லை. அதற்கு ஸ்லைடு போடவில்லை அல்லவா.

ஸ்லைடு போடுகிறவர்கள் ஜனவரி மாதம் வந்தார்கள். மூன்றாம் மாடியில் தொழிலாளர்கள் கால் நீட்டிப் படுக்கிற ஓய்வறையைக் காலி பண்ணி, கண்ணாடிச் சுவர் வைத்து, 'நல்முடிவு இலாகா' என்று பலகை மாட்டினார்கள். பலகையில் ஒரு முழங்கை, பக்கத்து ஆளை லேசாக இடித்துத் தூண்டுகிற முழங்கையாம், சிரித்துக்கொண்டிருந்தது. முழங்கைக்குக் கண்ணும் வாயும் யார் வரைந்தார்களோ, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. இலாகாவில் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருத்தி நிக்கோல். பழக்கவழக்கப் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவள். மகளுக்குத் தன் தொழிற்சாலையிலேயே, அதுவும் மேல்மாடியில் வேலை என்றதும் தெரேசா கம்பெனி பஸ்ஸில் வந்த நாற்பது பேருக்கும் சூடாகக் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தாள்.

"உங்க மகளுக்கு என்னா வேலக்கா?" என்று பக்கத்துச் சீட்டு அமீரா கேட்டாள். அவளும் குழாய் பார்க்கிறவள்தான்.

"மனுசனுக்கு நல்ல புத்தி சொல்ற வேலையாம்."

"அதுக்கு ஏன்கா படிக்கணும்? என் மாமியா சும்மாவே சொல்லுவாங்களே!"

திறப்பு விழாவில் இலாகாத் தலைவர் டாக்டர் சந்திரசேகரன் மூன்று மொழியிலும் பேசினார். தமிழ்த் தொழிலாளர்களுக்குத் தமிழில் பேசும்போது மட்டும் குரலைக் கொஞ்சம் இறக்கி, சொந்தக்காரர் மாதிரி ஆக்கிக்கொண்டார்.

"மனிதன் நல்லவன். ஆனால் அவன் மூளை சோம்பேறி. உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சீனி கெடுதல் என்று உங்களுக்குத் தெரியும். போடுவீர்கள். படியேறுவது நல்லது என்று தெரியும். லிஃப்டுக்கு நிற்பீர்கள். அதற்காக உங்களைத் திட்டினோமா? தடுத்தோமா? இல்லை. எங்கள் இலாகா யாரையும் எதற்கும் கட்டாயப்படுத்தாது. முழுச் சுதந்திரம் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது சரியான பக்கமாக இருக்கும்படி நாங்கள் முன்னாலேயே ஏற்பாடு செய்துவிடுவோம். அவ்வளவுதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். "மாட்டுக் கொட்டாய்க்கும் அப்பிடித்தான்கா வேலி போடுவாங்க," என்று அமீரா காதோடு சொன்னாள். தெரேசா அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். மேடையோரத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றது அவள் பிள்ளை.

முதலில் கேண்டீன் சீனிக்கு வந்தது கேடு. கேண்டீன் நடத்தும் ராமதாஸ் அண்ணன் கல்லாவில் இருந்த சீனிப் போத்தலை எடுத்து மூன்றாம் மாடி நடையில் வைத்தார்கள். இனிமேல் எல்லாருக்கும் சீனியில்லாத தேநீர். வேண்டும் என்கிறவர்கள் அறுபத்துநாலு படி ஏறிப் போய்ப் போட்டுக்கொள்ளலாம், முழுச் சுதந்திரம். மறுநாள் தேநீர் வேளையில் இருநூறு பேர் ஆளுக்கொரு குவளையைத் தூக்கிக்கொண்டு குருத்தோலை ஊர்வலம் போகிற மாதிரி படியேறினார்கள். ஏறி இறங்குவதற்குள் பத்து நிமிச ஓய்வு முடிந்து, தேநீரும் ஆறிப்போனது. வாரக் கடைசியில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'படிக்கட்டுப் பயன்பாடு நானூறு விழுக்காடு உயர்வு! வாழ்த்துகள்!' சிந்திய தேநீரில் இரண்டு பேர் வழுக்கி விழுந்தார்கள். அந்த இரண்டும் 'பாதுகாப்பு விழிப்புணர்வு' என்ற வேறொரு கணக்கில் உயர்வாக ஏறின.

அப்புறம் தரையில் பச்சைப் பாதங்கள் வரைந்தார்கள். வாசல் கேட்டில் தொடங்கி அவரவர் மேசை வரைக்கும், வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காமல் நேராக வேலைக்குப் போகிறதற்கு. எல்லாப் பாதமும் உள்ளே போகிற பாதம். வெளியே வருகிற பாதம் ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டதற்கு, அதற்குத் திட்டத்தில் ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்தது.

அப்புறம் கடிதம். 'அன்புள்ள தெரேசா, உங்கள் பிரிவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் உங்களைவிடக் குறைவான நேரமே கழிப்பறையில் செலவிடுகிறார்கள்.' கீழே முழங்கை முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தது. தெரேசாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு நாள் தண்ணீரே குடிக்கவில்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் அமீரா தன் கடிதத்தை எடுத்துக் காட்டினாள். அதே தொண்ணூற்றொன்று. முன் சீட்டில் கேட்டார்கள், அங்கேயும் தொண்ணூற்றொன்று. பஸ் முழுக்கத் தொண்ணூற்றொன்று.

"அப்ப எல்லாரும் எல்லாரையும்விட அதிக நேரம் உட்காந்திருக்கோமா?" என்றாள் அமீரா. "எந்த ஸ்கூல்லக்கா கணக்குப் படிச்சாங்க இவங்க?"

வீட்டில் தெரேசா மகளைக் கேட்டாள். நிக்கோல் சிரித்தாள். "அது நம்பர் இல்லமா, தூண்டுதல். தப்பான நம்பர் நல்ல பழக்கத்தைக் கொண்டுவந்தா தப்பில்ல."

"பொய்தானடி அது?"

"மா, உனக்குப் புரியாது லா."

புரியாது என்று பிள்ளை சொன்னால் புரியாதுதான் போலிருக்கிறது என்று தெரேசா விட்டுவிட்டாள். படிக்க வைத்தவர்களுக்கு வருகிற வியாதி இது.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு சாயங்காலம் நிக்கோல் குசினிக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மகள் இப்படிச் சும்மா வந்து உட்கார்ந்து எத்தனையோ வருசமாகிவிட்டது.

"மா, ஒண்ணு கேக்கவா? எதை உன்கிட்டேருந்து எடுத்தா உனக்கு ரொம்ப வலிக்கும்?"

தெரேசா கத்தியைக் கீழே வைத்தாள். இத்தனை வருசத்தில் தன் வலியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஹென்றி கேட்கிற ஆள் இல்லை. அவருக்கு வலித்தால்தான் வலி.

"என்ன பிள்ள திடீர்னு?"

"சும்மா லா. சொல்லேன்."

"எனக்கு என்ன இருக்கு எடுக்கிறதுக்கு?" என்று தொடங்கியவள், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அன்னம்மா கோயில் நேர்ச்ச. இந்த வருசத்தோட பத்து. அத யாராச்சும் எடுத்தா, கோயில் வாசல்ல வெச்சு என் கைய வெட்டின மாதிரி இருக்கும்."

நிக்கோல் தலையாட்டிக்கொண்டே போனில் ஏதோ தட்டினாள். சிநேகிதிக்கு என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அந்த நேர்ச்சை என்னவென்றால், நிக்கோல் ஆறாம் படிவப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக இடத்துக்குக் காத்திருந்த காலம். நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளே இடம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள். தெரேசா புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலில் முழங்காலில் நின்று, என் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் பத்து வருசம் திருநாள் ஊர்வலத்தில் செருப்பில்லாமல் மெழுகுவத்தி பிடித்து நடக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். இடம் கிடைத்தது. நடந்தாள். நோய்க்காலத்தில் இரண்டு வருசம் ஊர்வலமில்லை. அப்போது ஃபிளாட் படிக்கட்டில் மெழுகுவத்தியோடு ஏறி இறங்கினாள். அந்த இரண்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பங்குச் சாமியார் சொன்னார். தெரேசா சேர்க்கவில்லை. சாமியார் சொல்லலாம், நேர்ந்தது அவரில்லை. ஆகவே பத்தாவது வருசம் பன்னிரண்டாவது வருசத்தில் வந்து நின்றது. ஜூலை இருபத்தாறு, சனிக்கிழமை. போன டிசம்பரிலேயே விடுப்புக்கு எழுதிக் கொடுத்து முத்திரையும் வாங்கியாயிற்று.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின நாள், 'உறுதிப் பத்திரம்' வந்தது. தாளில் இல்லை, தொடுதிரையில். ஒவ்வொருவரும் ஒரு கெட்ட பழக்கத்தை நாற்பது நாள் விடுவதாக உறுதி சொல்ல வேண்டும். இலாகாவிலிருந்து வந்த ஷேக் அலாவுதீன் என்ற நடுத்தர வயதுக்காரர் ஒவ்வொரு மேசையாகத் திரையைக் கொண்டுவந்தார்.

"எனக்குக் கெட்ட பழக்கம்னு ஒண்ணும் இல்லையே சார்," என்றாள் தெரேசா.

"அப்படிச் சொல்றதுக்கு இதுல கட்டம் இல்லமா. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லப் பாவம் கிடைக்காமல் முழிக்கிற சிறுபிள்ளை மாதிரி யோசித்து, "தேத்தண்ணிக்கு மூணு கரண்டி சீனி போடுவேன்," என்றாள். எப்படியும் தவக்காலத்துக்குச் சீனியை விடுவது அவள் வருசா வருசம் செய்வதுதான். இரண்டாம் பக்கத்தில் இன்னும் ஏதோ எழுத்து இருந்தது. 'மாற்ற விரும்பினால் மட்டும் தொடவும்' என்றிருந்தது. மாற்ற என்ன இருக்கிறது? கோயிலில் பூ அலங்காரத்துக்கோ, சமையலுக்கோ, யாத்திரை பஸ்ஸுக்கோ தாள் சுற்றி வரும்போது பேர் எழுதினால் உண்டு, வெறுமனே விட்டால் இல்லை. பிறந்ததிலிருந்து தெரேசாவுக்குத் தெரிந்த சட்டம் அது. அவள் தொடாமல் விட்டாள். கீழே கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் கேட்கும். 'இன்று சீனி சேர்த்தீர்களா?' இல்லை என்று தட்டினால் முழங்கை குதிக்கும்.

முதல் ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தெரேசா மூன்று கரண்டி சீனி போட்டு, சொட்டு மிச்சமில்லாமல் ரசித்துக் குடித்தாள். தவக்காலத்தில் ஞாயிறு கணக்கில் கிடையாது. ஆண்டவர் உயிர்த்த நாளில் நோன்பு பிடிப்பது முறையில்லை என்று அவளுக்குச் சின்ன வயதில் முதல் நன்மை வாங்கினபோதே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறைத் தள்ளித்தான் நாற்பது. ஏழு மணிக்குப் போன் கேட்டது. ஆமாம் என்று தட்டினாள்.

"எதுக்குடி சொல்ற? இல்லன்னு போடேன்," என்றார் ஹென்றி, டிவியில் பந்து விளையாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குடிச்சத குடிக்கலன்னு எப்படிச் சொல்றது?"

போனில் ஒரு பூ விரிந்தது. 'உங்கள் நேர்மைக்கு நன்றி, தெரேசா!'

அதற்கப்புறம் ஐந்து ஞாயிறு, ஐந்து பூ. சாமிக்கும் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் நல்லவளாக இருப்பது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஈஸ்டர் வரைக்கும் சரியாக நாற்பது நாள், நாக்கில் சீனி படவில்லை.

ஜூலை முதல் தேதி செய்தி வந்தது. 'அன்புள்ள தெரேசா, உங்கள் உறுதியில் ஆறு சறுக்கல்கள் பதிவாகியுள்ளன. பதிவு செய்தவர்: தாங்களே. நீங்கள் பணயமாக வைத்த ஜூலை 26 விடுப்பு திரும்பப் பெறப்படுகிறது. இந்த இழப்பு உங்களை மேலும் சிறந்த மனிதராக்கும். அன்புடன், நல்முடிவு இலாகா.'

அவள் மூன்று தடவை படித்தாள். பணயமா? எப்போது வைத்தேன்? எதை வைத்தேன்? பூதக்கண்ணாடிக்குக் கீழே போனை வைத்துப் பார்த்தாள். எழுத்துத்தான் பெரிதாகியது.

வேலை முடிந்ததும் மூன்றாம் மாடிக்குப் போனாள். நிக்கோல் கூட்டத்தில் இருக்கிறாள் என்றார்கள். மறுபரிசீலனை முகப்பில் ஷேக் அலாவுதீன்தான் உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்கமா. தண்ணி என்ன வேணும், சுடுதண்ணியா, ஐஸ் தண்ணியா?"

"ஐஸ் தண்ணி."

"ஐஸ் தண்ணி இல்ல. ஆனா நீங்களே தேர்ந்தெடுத்தீங்கள்ல, அதுவே மனசுக்கு ஒரு நிம்மதி. ஆராய்ச்சியில சொல்லியிருக்காங்க." சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் தலை குனிந்துகொண்டார்.

"சார், நான் லீவப் பணயம் வைக்கவே இல்ல."

"ரெண்டாம் பக்கத்துல இருந்துச்சுமா. நீங்க மாத்தல. மாத்தலன்னா சம்மதம்."

"நான் தொடவே இல்ல சார்!"

"அதான்மா சம்மதம்."

"சரி. ஞாயித்துக்கிழம நோன்பு கெடையாது சார். ஆயிரம் வருசத்துக்கு மேல இருக்கிற முறை. யாரையாவது கேட்டுப் பாருங்க."

"எங்க சிஸ்டம் ஜனவரியிலதான்மா வந்துச்சு." அவர் குரலைத் தாழ்த்தினார். "பொழுது எறங்கினா என் நோன்பும் முடிஞ்சிரும். சாப்புடுவேன். எனக்குப் புரியுது. அதுக்குப் புரியாது," என்று திரையைக் காட்டினார். "மூணு வழி இருக்கு, ஒண்ணு எடுத்துக்குங்க. ஒண்ணு, லீவு போகும். ரெண்டு, லீவு போகும், உங்க பேரு நோட்டீஸ் போர்டுல வரும். மூணு, லீவு போகும், பேரு வராது, ஒரு குவளை கிடைக்கும். எல்லாரும் மூணாவதுதான் எடுக்கிறாங்க."

"எனக்குக் குவளை வேணாம். மேல்முறையீடு பண்ணணும்."

"பண்ணலாமே. ஆனா ஆத்திரத்துல எடுக்கிற முடிவு தப்பாயிரும்னு முப்பது நாள் ஆறப்போடுவோம்."

"திருநாள் இன்னும் இருபத்தஞ்சு நாள்ல சார்."

ஷேக் அலாவுதீன் சுடுதண்ணீர்க் குவளையை அவள் பக்கம் மெல்லத் தள்ளினார்.

வீட்டில் நிக்கோல், "மா, அது கம்ப்யூட்டர் தானா எடுத்தது. உன் லீவு ரெக்கார்டைப் பார்த்து எடுத்திருக்கும். நான் பேசிப் பாக்கிறேன்," என்றாள். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் செய்ததற்கு இவ்வளவு நேரம் பிள்ளையை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தோமே, பாவம் அது என்ன செய்யும் என்று தெரேசா நினைத்தாள். பேசிப் பார்ப்பதாகச் சொன்னவள் மூன்று வாரம் பேசிப் பார்த்தாள்.

ஜூலை இருபத்தைந்து வெள்ளிக்கிழமை இலாகாவுக்குப் பாராட்டு விழா. மேலிடத்திலிருந்து கோட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். தொழிலாளர்களைக் கேண்டீனில் வரிசையாக உட்கார வைத்தார்கள். டாக்டர் சந்திரசேகரன் வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னதையே, உற்சாகத்தில் தமிழிலும் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் பாராட்டு ஒரு மனிதனை உண்மை பேச வைத்துவிடும்.

"ஜூலையில் நமக்குப் பெரிய ஆர்டர். ஆள் வேண்டும். பழைய நிர்வாகமாக இருந்தால் என்ன செய்திருக்கும்? விடுப்பை மறுத்திருக்கும். மறுத்தால் என்ன ஆகும்? யூனியன் வரும், சத்தம் வரும். நாம் மறுக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கள் விடுப்பைத் தாங்களே இழந்தார்கள். மறுக்கப்பட்டவன் முதலாளி மேல் கோபப்படுவான். இழந்தவன் தன்மேல்தான் கோபப்படுவான். நண்பர்களே, இதுதான் அறிவியல்."

அமீரா தெரேசாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதற்கு ஒவ்வொருவருக்கும் எது வலிக்கும் என்று தெரிய வேண்டும். அந்த வேலையைச் சிறப்பாகச் செய்தவர், நமது இளம் அதிகாரி செல்வி நிக்கோல்!"

நிக்கோல் எழுந்து வந்து ஸ்லைடைத் தள்ளினாள். திரையில் எழுத்து வந்தது.

'ஊழியர் தெ., வயது 57. பணயம்: சமய விடுப்பு. வலி மதிப்பு: பத்துக்குப் பத்து. ஊழியரின் சொந்த வார்த்தையில்: கோயில் வாசல்ல வெச்சு என் கைய வெட்டின மாதிரி இருக்கும்.'

ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய எழுத்து. பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை. கீறல் எங்கே என்று தெரேசாவுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. இருபத்திரண்டு வருச வேலை அது.

நேர்மைக்கான பரிசு என்று அவள் பேரைக் கூப்பிட்டார்கள். ஆறு சறுக்கலையும் தானே ஒப்புக்கொண்ட ஒரே ஊழியர். மற்றவர்களெல்லாம் பொய் சொல்லிப் பிடிபட்டவர்கள். மேடையேறினாள். சந்திரசேகரன் முழங்கை சிரிக்கும் குவளையை அவள் கையில் வைத்து, மைக்கை நீட்டினார். "ரெண்டு வார்த்த சொல்லுங்கமா. இந்த அனுபவம் உங்களை எப்படி மாத்திச்சு?"

தெரேசா மகளைப் பார்த்தாள். நிக்கோல் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத நான் ஆபீசுல சொல்லல," என்றாள் தெரேசா மைக்கில். "என் குசினியில சொன்னது. வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு."

திரையில் 'கைதட்டவும்' என்று வந்தது. எல்லாரும் தட்டினார்கள்.

சாயங்காலம் வீட்டில் நிக்கோல் அழுதாள். உன் பேரைப் போடவில்லை, தெ. என்றுதான் போட்டேன் என்றாள். வேலை நிரந்தரமாகவில்லை, அவரவர் வீட்டில் ஒருத்தரிடமாவது கேட்டு வரச் சொன்னார்கள் என்றாள். கடைசியில், "நாளைக்கு உனக்குப் பதிலா நான் போறேன்மா. செருப்பில்லாம நடக்கிறேன். கணக்கு ஒண்ணுதானே?" என்றாள்.

"நேந்தவ நடக்கணும்," என்றாள் தெரேசா. "ஒனக்காக நேந்தது. நீயே நடந்தா அது என்ன நேர்ச்ச?"

ஹென்றி டிவியை அணைத்தார். அந்த வீட்டில் ஆட்டம் முடிவதற்கு முன்னால் டிவி அணைந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை தெரேசா வழக்கம்போல் வேலைக்குப் போனாள். மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் குழாய் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற குழாய், பாதியில் விட முடியாது. கையிலிருந்த தட்டு முடிந்ததும் கையுறையைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"அக்கா, எங்க?"

"கோயிலுக்கு."

"லீவு?"

"அவங்ககிட்ட இருக்கட்டும். நேர்ச்ச என்கிட்டதான இருக்கு."

பச்சைப் பாதங்கள் எல்லாம் உள்ளே வந்துகொண்டிருந்தன. அவள் ஒவ்வொன்றின் விரல் நுனியிலிருந்து குதிகாலுக்கு மிதித்துக்கொண்டு வெளியே போனாள். கேட்டில் இயந்திரம் 'நீங்கள் உண்மையிலேயே போக விரும்புகிறீர்களா?' என்று மூன்று தடவை கேட்டது. மூன்று தடவையும் தொட்டாள். இப்போது அவளுக்குத் தொடத் தெரியும்.

தீவிலிருந்து அக்கரைக்குக் கப்பலேறி பட்டர்வொர்த் போய், பஸ் பிடித்து புக்கிட் மெர்தாஜாம் சேர்ந்தாள். இருட்டத் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான மெழுகுவத்திகள் நகர்ந்தன. உருகின மெழுகு அவள் கையில் சொட்டிச் சொட்டி உறைந்தது. துடைக்கவில்லை. அன்னம்மாள் சொரூபத்துக்கு முன்னால் முறை வந்தபோது அவள் கேட்க ஒன்றுமில்லை. சொல்ல மட்டும் இருந்தது.

"பத்து முடிஞ்சது தாயே. படிப்பு கேட்டேன், குடுத்தீங்க. உங்க மேல குத்தமில்ல. நான்தான் இன்னும் கொஞ்சம் யோசிச்சுக் கேட்டிருக்கணும்."

மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது போன் சிணுங்கியது. 'அன்புள்ள தெரேசா, அனுமதியின்றி வெளியேறியதால் நீங்கள் வேலையிலிருந்து தாங்களாகவே விலகியதாகக் கொள்ளப்படும். தொடர்ந்து பணியாற்ற விரும்பினால் மட்டும், நண்பகல் 12 மணிக்குள் கீழே தொடவும். அன்புடன்.'

நிக்கோல் அறையிலிருந்து ஓடி வந்தாள். "மா! மெசேஜ் வந்துச்சா? தொட்டுட்டியா?"

"இந்த லெட்டர யாரு எழுதினது?"

"அது... பொதுவா எழுதி வெச்சதுமா. போன மாசம். எல்லாருக்கும் தானா போகும்."

"அன்புடன்னு போட்டிருக்கே. அன்ப நீதான் போட்டியா?"

நிக்கோல் போனை எடுத்து அம்மாவின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஒரே ஒரு தடவ தொடுமா. இருபத்திரண்டு வருசம்மா. நீ தொடலன்னா நாளைக்கு அந்த ஃபைலை நான்தான் மூடணும். என் கையால மூடணும்மா."

தெரேசா இரண்டு குவளையில் தேநீர் ஊற்றினாள். முழங்கைக் குவளை குப்பைத் தொட்டியில் கிடந்தது. தன் குவளையில் மூன்று கரண்டி சீனி போட்டு, நிதானமாகக் கலக்கினாள். மகளுக்கு எப்போதும் இரண்டு கரண்டி. பிள்ளை பால்புட்டியை விட்ட நாளிலிருந்து, கேட்காமலே போட்டு வைப்பது.

சீனிப் போத்தலை மூடி மேல் தட்டில் வைத்துவிட்டு, மகளின் குவளையை மெல்ல அவள் பக்கம் தள்ளினாள்.

நிக்கோல் ஒரு மிடறு குடித்தாள். முகம் சுருங்கியது. மேல் தட்டைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"வேணும்னா கேளு," என்றாள் தெரேசா. "கேக்கலன்னா இல்ல. இந்த வீட்டுல இனிமே அப்பிடித்தான்."

மேசையில் போன் வெளிச்சமாகக் கிடந்தது. மணி பதினொன்றே முக்கால். தெரேசா குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மெழுகு சுட்ட தடத்தின் மேல் அந்தச் சூடு படப் பட, எதையும் தொடாமல் குடித்தாள்.